பள்ளிக் குழுவுக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் திருச்சபைகள் நடத்தும் பள்ளிகள் பல இருக்கின்றன. லுத்தரன் மிஷன் 1895இல் கிருஷ்ணகிரியில் ஊழியத்தைத் தொடங்கியது. இன்றும் பல ஊர்களில் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே காம்பவுண்டுக்குள் நிற்கின்றன. அந்தப் பள்ளிகளின் குழுவுக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள், ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது நல்லது என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

ஒரு குறிப்பு. கத்தோலிக்கப் பள்ளிகளில் நிர்வாக அதிகாரம் பெரும்பாலும் மறைமாவட்டத்திடமோ துறவற சபைகளிடமோ இருக்கும். 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்துப் பள்ளிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வாக்கெடுப்பு பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தாது. பணம், வேலை நியமனம், பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றியவை பொருந்தும்.

நான் சபைக் கமிட்டியிலும் இருக்கிறேன். பள்ளிக் குழுவிலும் அதே ஆட்கள்தானே, தனிக் கூட்டம் எதற்கு?

ஆட்கள் ஒன்றாக இருக்கலாம், பொறுப்பு ஒன்றல்ல. சபைக் கமிட்டி சபையாருக்குப் பதில் சொல்ல வேண்டியது. பள்ளிக் குழு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் கல்வித் துறைக்கும் பதில் சொல்ல வேண்டியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நம் சபையைச் சேர்ந்தவர்களே அல்ல. தனியார் பள்ளிகளுக்கென்று 2018இல் இயற்றப்பட்டு 2023இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடுவதற்கு அந்தச் சட்டம் தேவையில்லை, பள்ளியில் ஒரு வகுப்பறை கட்டுவதற்குத் தேவை.

ஆகவே தனிக் கூட்டம், தனி நடவடிக்கைக் குறிப்பேடு, தனி வங்கிக் கணக்கு. பண்டிகைக் கூட்டத்தின் கடைசியில், எல்லோருக்கும் பசிக்கும் நேரத்தில், "அப்படியே பள்ளி விஷயத்தையும் முடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் பெற்றோர் முக்கால் பங்கு இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் வருவது, வேறு அமைப்பு.

எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புதான். மாந்தோப்பும் புளியந்தோப்பும் பார்த்துக்கொண்டிருப்பவன். வக்கீலும் பேராசிரியரும் இருக்கிற குழுவில் நான் என்ன செய்வேன்?

மோசேயின் மாமன் எத்திரோ, பொறுப்புக்கு ஆள் தேடும்போது பார்க்கச் சொன்ன அடையாளங்கள் யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுக்கும் குணம். பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. சம்பளப் பட்டியலைப் பார்த்து "போன மாதம் இந்தப் பெயர் இல்லையே" என்று கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை. கூலிக்கணக்கு எழுதிப் பழகிய கண் போதும்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் துணைவிதிகளை, அதாவது பைலாவை, செயலரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டில் படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கீழே பல பதில்களில் "பைலாவைப் பாருங்கள்" என்றுதான் முடிக்க வேண்டியிருக்கும்.

ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிக்கிறோம். முன்மொழிதல், வழிமொழிதல் எல்லாம் உலகத்தார் வழக்கம் அல்லவா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. உலகம் முழுவதும் கூட்டம் நடத்தப் பயன்படும் விதிமுறை நூல் ஒன்றை 1876இல் வெளியிட்டவர் ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர். அவரை அந்த வேலைக்குத் தள்ளியது நாடாளுமன்றமல்ல, ஒரு பாப்டிஸ்ட் சபைக் கூட்டம். 1863இல் அதற்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவருக்குக் கூட்டம் நடத்தத் தெரியவில்லை, கூட்டம் கைமீறிப் போனது. அதற்குப் பிறகுதான் அவர் விதிகளைப் படிக்கத் தொடங்கினார்.

அதற்கு முன்பே அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் இருக்கிறது. கிரேக்கு பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள், முறுமுறுப்பு வந்தது. அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, காரியத்தைச் சொல்லி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். பிறகுதான் ஜெபம்பண்ணிக் கை வைத்தார்கள். விடுபட்டவர்களின் குறை சபைக்கு முன்னால் வைக்கப்பட்டது, யாருடைய நல்லெண்ணத்துக்கும் அது விடப்படவில்லை. விதிமுறை எதற்கு என்றால் இதற்குத்தான். குரல் பெரியவருக்கு விதிமுறை தேவையில்லை, அவர் எப்படியும் பேசிவிடுவார். மூலையில் உட்கார்ந்திருக்கும் மகளிர் சங்கப் பிரதிநிதிக்கு அது தேவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடிவு ஜெபத்தில், வாக்கெடுப்பில் எதிர்த்தவர்களைப் பெயர் சொல்லாமல் திட்டுகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஜெபம் அல்ல, பதில் சொல்ல முடியாத இடத்திலிருந்து பேசும் பேச்சு.

கூட்ட அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாதா?

பைலா அனுமதித்தால் போதும். அனுமதிக்காவிட்டால் எழுத்து மூலம் அனுப்பிவிட்டு, கூடுதலாக வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். எந்த வழியானாலும் தேதி, நேரம், இடம், நிகழ்ச்சி நிரல் நான்கும் இருக்க வேண்டும். "முக்கியமான விஷயம் பேச இருப்பதால் அனைவரும் தவறாமல் வரவும்" என்பது அறிவிப்பு அல்ல. என்ன விஷயம் என்று தெரியாமல் யாரும் தயாராகி வர முடியாது.

நிகழ்ச்சி நிரலின் கடைசியில் வரும் "இதர விஷயங்கள்" என்ற வரியைக் கவனமாகப் பாருங்கள். விளையாட்டு விழாத் தேதியை அதில் பேசலாம். நிலம் விற்பது, ஆசிரியரை நீக்குவது, கட்டணத்தை உயர்த்துவது ஆகியவை அதில் வந்தால், "இது நிரலில் இல்லை, அடுத்த கூட்டத்துக்கு வைக்கலாம்" என்று எழுந்து சொல்லும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. இப்படி விதியைச் சுட்டிக்காட்டி எழுப்புவதுதான் ஒழுங்குப் பிரச்சினை. தலைவர் மற்றதை நிறுத்திவிட்டு அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

குறைவெண் சேரவில்லை. பர்கூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா?

டீ கொடுத்து, பேசி அனுப்பலாம். தீர்மானம் போட முடியாது. கோரம் என்று சொல்லப்படும் குறைவெண் கூட்டம் தொடங்கும்போது மட்டுமல்ல, வாக்கெடுக்கும்போதும் இருக்க வேண்டும். மதியம் சாப்பிடப் போய்ப் பாதிப் பேர் திரும்பாவிட்டால் அதோடு நின்றது.

ஒத்திவைக்கப்பட்ட கூட்டத்துக்குக் குறைவெண் தேவையில்லை என்று சில பைலாக்கள் சொல்லும், சில சொல்லாது. வராதவர்களின் வீட்டுக்குக் குறிப்பேட்டை எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அன்று வராதவர் வந்ததாக எழுதுவது பொய். பள்ளி நன்மைக்காகச் சொன்னாலும் பொய்தான்.

தீர்மானத்தை எப்படிக் கொண்டு வருவது? பேசிப் பேசிக் கடைசியில் என்ன முடிவானது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை வகுப்புக்கு வகுப்பு பார்த்திருப்பீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பள்ளியில் இன்னும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "தண்ணீர் சரியில்லை, ஏதாவது செய்ய வேண்டும்" என்பது ஆதங்கம். அதைத் தீர்மானமாக்கினால் இப்படி இருக்கும்: "பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் ஆய்வகத்தில் ஃபுளோரைடு சோதனை செய்து அறிக்கை பெறுவது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைக் குடிக்கப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி, ஒகேனக்கல் குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பிப்பது, பொறுப்பு பொருளாளருக்கு, அறிக்கை அடுத்த கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும்." என்ன செய்வது, யார் செய்வது, எப்போதைக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இதை ஒருவர் முன்மொழிகிறார். இன்னொருவர் வழிமொழிகிறார். வழிமொழிய ஆளில்லையென்றால் அது அங்கேயே விழுந்துவிடும். பிறகுதான் விவாதம். "1.5 வேண்டாம், இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்க அளவாகச் சொல்வது 1.0தான், அதையே வைக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது திருத்தம். திருத்தத்துக்கும் முன்மொழிவும் வழிமொழிவும் வேண்டும். முதலில் திருத்தத்தை வாக்குக்கு விட வேண்டும், பிறகு திருத்தப்பட்டதையோ திருத்தப்படாததையோ மூலத் தீர்மானமாக வாக்குக்கு விட வேண்டும். இந்த வரிசை தலைகீழாகப் போகும் இடத்தில்தான் "என்ன முடிவானது" என்ற குழப்பம் பிறக்கிறது.

வாக்கெடுப்புக்கு முன் தலைவர் தீர்மானத்தை ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிறிஸ்தவர்கள் ஒருமனமாக இருக்க வேண்டும். வாக்கெடுப்பு வைத்தால் பிரிவினைதானே வரும்?

எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தை, அப்போஸ்தலர் 15ஐ, நிதானமாக வாசியுங்கள். அங்கே மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசினார்கள், கடைசியில் யாக்கோபு பேசினார். அதன் பிறகுதான் "ஒருமனப்பட்டு" என்ற வார்த்தை வருகிறது. நம் கூட்டங்களில் அது முதலிலேயே வந்துவிடுகிறது. "நாம் எல்லோரும் ஒருமனம்தானே" என்று தலைவர் சொல்வார், எல்லோரும் தலையைக் குனிவார்கள், தீர்மானம் நிறைவேறியதாக எழுதப்படும். அது ஒருமனமல்ல, வாயடைப்பு.

பேசிப் பார்த்து எல்லோரும் ஒத்துப்போனால் வாக்கெடுப்பு தேவையில்லை, "ஏகமனதாக" என்று எழுதலாம். ஒருவராவது மாறுபட்டால் எண்ணிக்கையை எழுத வேண்டும். நபர்களைத் தேர்ந்தெடுக்கும்போது கை தூக்குவதைவிடச் சீட்டு நல்லது, உறவுகள் கெடாது. நடுநிலை வகிப்பவரை எந்தப் பக்கமும் சேர்க்கக் கூடாது. சமமாக வந்தால் தலைவருக்கு இரண்டாம் வாக்கு உண்டா என்று பைலாவில் பாருங்கள். இல்லையென்றால் தீர்மானம் தோற்றது என்று பொருள்.

எங்கள் குழுத் தலைவர் போதகர் ஐயா. அவர் முன்வைத்த காரியத்துக்கு எதிராகக் கை தூக்கினால் ஊழியக்காரரை எதிர்த்தது ஆகாதா?

பிரசங்க பீடத்தில் நிற்கும்போது அவர் போதகர். மேசைத் தலைப்பில் உட்காரும்போது குழுத் தலைவர். குழுத் தலைவரின் வேலை எல்லோரையும் பேச வைப்பது. தமக்கென்று ஒரு தீர்மானம் இருந்தால் அந்த நேரத்துக்கு வேறொருவரைத் தலைமையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுவது நல்ல மரபு. அப்படிச் செய்யும் போதகர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

கை தூக்குவதில் தவறில்லை, தூக்கும் விதத்தில் இருக்கலாம். "ஐயா, இந்தக் காரியத்தில் நான் மாறுபடுகிறேன்" என்று எழுந்து நின்று காரணத்தைச் சொல்லுங்கள். தீமைசெய்யத் திரளானவர்களைப் பின்பற்றாதே என்று யாத்திராகமம் 23:2 சொல்கிறது. அதிகாரமுள்ளவர் விஷயத்திலும் அதே நியாயம்தான்.

தோற்றுப்போனேன். இனி நான் என்ன செய்ய வேண்டும், வெளியே சொல்லலாமா?

உங்கள் மாறுபாட்டைக் குறிப்பில் பதியச் சொல்லலாம். இது எதிர்ப்புக் குறிப்பு. இரண்டு மூன்று வரியில், காரணத்தோடு. பிறகு அது குழுவின் முடிவு, உங்களுக்கும் சேர்த்துத்தான். யார் எப்படி வாக்களித்தார்கள் என்று டீக்கடையில் சொல்லக் கூடாது. சட்ட மீறல் என்றால் கதை வேறு, அதைக் கீழே பார்ப்போம்.

நடவடிக்கைக் குறிப்பில் யார் என்ன பேசினார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். வந்தவர்கள், வராதவர்கள், தீர்மான வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வாக்கு எண்ணிக்கை, எதிர்ப்புக் குறிப்பு இருந்தால் அது. அவ்வளவுதான். பக்கங்களுக்கு எண் போட்ட கட்டுப் புத்தகமாக இருக்கட்டும். நடுவில் வெற்றுப் பக்கம் விடுவது பிற்பாடு நிரப்புவதற்கான அழைப்பு. அடித்தல் திருத்தல் இருந்தால் அருகில் தலைவர் சுருக்கொப்பம் வேண்டும். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்ற மத்தேயு 5:37ஐக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தாலும் தகும்.

அடுத்த கூட்டத்தில் "சென்ற கூட்ட நடவடிக்கை உறுதி செய்யப்பட்டது" என்று வருகிறதே, அதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் அங்கே பார்க்க வேண்டும். அந்த முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகப் பழைய விவாதத்தை அங்கே திறக்க முடியாது. மாற்ற வேண்டுமானால் நிரலில் புதிதாக வைக்க வேண்டும்.

கணக்கு பார்க்கக் கேட்டால் பொருளாளர் "என் மேல் சந்தேகமா?" என்று கோபித்துக்கொள்கிறார்.

சந்தேகமில்லாதபோது பார்ப்பதுதான் சுலபம். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோக பவுல் தனியாகப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்தவரைச் சேர்த்துக்கொண்டார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொன்னார். பவுலுக்கே துணை வேண்டியிருந்தது என்று பொருளாளரிடம் சொல்லுங்கள்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து, பெற்ற பணத்துக்கு அன்றே ரசீது, ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கி இருப்பைக் காட்டும் ஒரு தாள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைப் புத்தகம் அலமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள். "ஐயா அடிக்கடி பெங்களூர் போய்விடுவார், அதனால்தான்" என்பார்கள். அப்படியானால் கையெழுத்து அதிகாரத்தை ஊரில் இருப்பவருக்கு மாற்றுங்கள்.

என் மருமகள் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு மனு போட்டிருக்கிறாள். தகுதி உள்ளவள்தான். நான் குழுவில் இருப்பதால் அவள் வாழ்க்கை கெட வேண்டுமா?

கெட வேண்டாம். நீங்கள் எழுந்து போனால் போதும். கூட்டம் அந்த அம்சத்துக்கு வரும்போது, "மனுதாரர் என் மருமகள், நான் இதில் கலந்துகொள்ளவில்லை" என்று சொல்லி, அதைக் குறிப்பில் பதியச் சொல்லி, அறையை விட்டு வெளியே போய் நில்லுங்கள். வாக்களிக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பது போதாது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் எப்படி வேறொருவர் பெயரைச் சொல்வார்கள்? நேர்முகத் தேர்வுக் குழுவிலும் இருக்கக் கூடாது. முந்தின நாள் இரவு மற்ற உறுப்பினர்களுக்குப் போன் செய்வதும் இதில் அடங்கும், அதைச் சொல்லாமல் விட்டால் விட்ட குறையாகிவிடும்.

அரசு உதவி பெறும் பணியிடத்துக்கு "கட்டட நிதி" வாங்குவது ஊரெல்லாம் நடக்கிறது. பணம் பள்ளிக்குத்தானே போகிறது?

பள்ளிக்குப் போனாலும் போகாவிட்டாலும் அது பரிதானம், அதாவது லஞ்சம். பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும் என்று யாத்திராகமம் 23:8 சொல்வதற்கு நேரடிச் சாட்சி வகுப்பறையில் நிற்கும். பணம் கொடுத்து வந்தவர் முப்பது ஆண்டு பாடம் நடத்துவார்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம், அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தின் நிர்வாகிகளையும் ஊழியர்களையும் "பொது ஊழியர்" என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. கவுரவப் பதவி, சம்பளமே வாங்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. மாணவர் சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. இப்படி ஒரு தீர்மானம் வந்தால் மேலே சொன்ன எதிர்ப்புக் குறிப்போடு நிற்காதீர்கள். குழுவுக்கு மேலே இருக்கும் திருச்சபை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கும் அசைவு இல்லையென்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். குழு ரகசியம் குற்றத்துக்குப் போர்வை அல்ல.

சபை ஜனங்களுக்கு, நம் பக்கத்து ஜனங்களுக்கு முதலிடம் கொடுப்பதில் என்ன தவறு? பள்ளி நம்முடையது அல்லவா?

"நம் பக்கத்து ஜனங்கள்" என்றால் என்னவென்று கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதி. நம் சபைகளில் அது வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கிறது: இன்ன தெரு, இன்ன குடும்பம், இன்ன சேகரம். குழுத் தேர்தலில் அணி அந்தக் கணக்கில்தான் பிரிகிறது. பொன் மோதிரம் போட்டவனை ஒரு இடத்திலும் கந்தை உடுத்தியவனை இன்னொரு இடத்திலும் உட்கார வைத்ததை யாக்கோபு நிருபம் கண்டிக்கிறதே, அது நம் நேர்முகத் தேர்வு அறைக்கும் பொருந்தும்.

சிறுபான்மைப் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சேர்க்கையில் இடம் ஒதுக்குவது வேறு விஷயம், அது பள்ளியின் நோக்கத்தோடு சேர்ந்தது. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரு தெருவுக்கு ஒதுக்குவதற்கு எந்த வேதவசனமும் சட்டமும் துணைக்கு வராது. மதிப்பெண் அட்டவணையை நேர்முகத் தேர்வுக்கு முன்பே தீர்மானித்து, தேர்வின்போதே நிரப்பி, ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு வைத்தால் பாதிச் சிக்கல் அடங்கும்.

காலை ஜெபத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிற்க வேண்டும் என்று தீர்மானம் போடலாமா? கிறிஸ்தவப் பள்ளி என்று தெரிந்துதானே சேர்த்தார்கள்?

ஜெபம் நடத்தலாம். கட்டாயப்படுத்த முடியாது. அரசியலமைப்பின் 28(3)ஆவது பிரிவின்படி, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் பள்ளியில் படிக்கும் யாரையும் சம்மதமின்றி சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது. சிறுவராக இருந்தால் பெற்றோரின் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் இதற்கென்று ஒரு வரியும் "ஆம் / இல்லை" என்ற இரண்டு கட்டங்களும் வையுங்கள். "இல்லை" என்று குறித்த வீட்டுப் பிள்ளைகள் அந்த நேரத்தில் நூலகத்தில் இருக்கட்டும். தண்டனை பெற்றவர்கள்போல வராந்தாவில் நிறுத்தக் கூடாது.

தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வரும் மாவட்டம் இது. நம்பிக்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். கட்டாயத்தினால் விசுவாசம் பிறந்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

நாம் சிறுபான்மை நிறுவனம். அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு இருக்கும்போது அரசு நம்மைக் கேள்வி கேட்க முடியாதல்லவா?

நிறுவவும் நிர்வகிக்கவும் 30(1) உரிமை தருகிறது. நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை அல்ல என்று 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014இல் கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்ற தீர்ப்பு வந்தது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு கட்டட உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறைச் சான்றும்கூட வேண்டாம் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளிக் கூரைக்குக் கீழே 94 பிள்ளைகள் எரிந்து போனார்கள். நெருப்பு சிறுபான்மைச் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றியும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 தீர்ப்பில் அது கட்டாயம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று விட்டது. வழக்கு எப்படி முடிந்தாலும், தகுதித் தேர்வில் தேறியவர் மனு போட்டிருக்கும்போது தேறாதவரை எடுக்க ஒரு நல்ல காரணமாவது குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஓர் ஆசிரியர் மேல் பாலியல் புகார் சொல்கிறாள். அவர் சபை மூப்பர். மத்தேயு 18இன்படி முதலில் தனியாகக் கண்டித்துப் பார்க்கலாம், போலீஸ் வேண்டாம் என்கிறார்கள்.

வேண்டும். அன்றே. மத்தேயு 18 சகோதரனுக்குச் சகோதரன் செய்த குற்றத்தைப் பற்றியது, பெரியவர் ஒருவர் பிள்ளைக்குச் செய்ததைத் தனியறையில் பேசி முடிப்பதற்கு அதில் வழியில்லை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சிறியவரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனுக்கு ஏந்திரக்கல்லைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் வாசியுங்கள். மூப்பன் மேல் புகாருக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் என்று 1 தீமோத்தேயு 5:19ஐ எடுப்பார்கள். அது சபை ஒழுங்குக்கு. இப்படிப்பட்ட குற்றத்தில் பெரும்பாலும் பிள்ளை ஒருத்திதான் சாட்சி.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழே இருப்பவரைப் பற்றித் தெரிவிக்காமல் விட்டால் 21ஆவது பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவருக்குச் சட்டம் பாதுகாப்பும் தருகிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்தாலும் ஆகும். குழு விசாரணை நடத்தக் கூடாது, மாணவியைக் கூட்டத்துக்கு அழைக்கக் கூடாது, அவள் பெயரைக் குறிப்பேட்டில்கூட எழுதக் கூடாது. "புகார் பெறப்பட்டது, இன்ன தேதி இன்ன நேரம் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கப்பட்டது, ஆசிரியர் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார்" என்ற அளவு போதும். இதற்குக் கூட்டம் கூடும் வரை காத்திருக்கவும் வேண்டாம். தெரிந்தவுடன் தலைமை ஆசிரியரோ தாளாளரோ தெரிவித்துவிட்டு, பிறகு குழுவுக்குச் சொல்லலாம்.

பதினொன்றாம் வகுப்புப் பெண்ணுக்கு வீட்டில் திருமணம் பேசிவிட்டார்கள். அப்பா நம் குழு உறுப்பினர், பெரிய நன்கொடையாளர். இது குடும்ப விஷயம் அல்லவா?

நம் மாவட்டங்களுக்குப் புதிய கேள்வி இல்லை. கோடை விடுமுறைக்குப் போன பெண் ஜூனில் திரும்பி வராதபோதுதான் பலருக்கு உறைக்கிறது. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 நிறையாமல் திருமணம் குற்றம், நடத்தி வைக்கும் போதகரும் அதில் மாட்டுவார். மாவட்டச் சமூக நல அலுவலருக்கோ 1098க்கோ தெரிவிக்க வேண்டும்.

அப்பாவிடம் முதலில் பேசலாமா என்றால், இங்கே பேசலாம், பெண்ணுக்கு அதனால் ஆபத்து இல்லையென்றால் மட்டும். போதகரும் ஒரு பெண் ஆசிரியரும் போய்ப் பேசியே பல திருமணங்கள் நின்றிருக்கின்றன. ஆனால் தேதி குறித்தாகிவிட்டது என்றால் பேச்சுக்கு நேரமில்லை. குழுவில் இது வந்தால், மருமகள் விஷயத்தில் சொன்னது போல அப்பா வெளியே போக வேண்டும். நன்கொடையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

சலித்துவிட்டது. விலகிவிடலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஐயாவிடம் சொல்லிவிட்டால் போதுமா?

போதாது. தோற்ற கோபத்தில் விலகுவதாக இருந்தால் ஒரு கூட்டம் பொறுத்துப் பாருங்கள். நீங்கள் எழுந்து போன நாற்காலியில் யார் உட்காருவார் என்று உங்களுக்கே தெரியும். உடல்நிலை, வேலை, மனச்சாட்சி எதுவானாலும், தேதியிட்டு எழுத்தில் செயலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கூட்டக் குறிப்பில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளியை நடத்துவது பதிவுபெற்ற சங்கம் என்றால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, நிர்வாகிகள் மாறினால் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் ஆகாதவரை பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும், நோட்டீசும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் உங்களுக்கு இருந்தால் வங்கிக்குத் தனிக் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சாவி, ரசீதுப் புத்தகம், கோப்புகள் எதுவும் வீட்டில் தங்கிவிடாமல் பட்டியல் போட்டு ஒப்படையுங்கள்.